எலும்பு வளர ஒரு பாத்தி: எலும்பு ஒட்டுக்கு உதவும் இயற்கைப் பொருள்கள்

எலும்பு முறிவுக்கோ எலும்பில் தோன்றிய கட்டிக்கோ அறுவை மருத்துவம் செய்துகொள்ள வரும் சிலரிடம், "இந்த இடத்தில் எலும்பு சிறிது குறைகிறது, எலும்பு ஒட்டு வைக்க வேண்டியிருக்கும்" என்று நாங்கள் கூறுவதுண்டு. அதைக் கேட்டவுடன் நோயாளருக்கும் உடன் வந்தவருக்கும் பல ஐயங்கள் எழுகின்றன. வைப்பது யாருடைய எலும்பு? இடுப்பிலிருந்து எடுத்தால் நடை கெட்டுப்போகாதா? மாட்டெலும்பிலிருந்தும் பவளத்திலிருந்தும் செய்த பொருள்கள் உண்டு என்கிறார்களே, அவை உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா? இயற்கைப் பொருள் என்றால் தீங்கு இராது அல்லவா?

மரக்காணம் கடற்கரையில் வாழ்வோருக்கு இவை பிழைப்பைத் தொட்ட வினாக்கள். உப்பள வரப்பில் சுமையோடு நடப்பவருக்கும், படகைக் கரையேற்றுபவருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்பவருக்கும் கையும் காலுமே முதல். உப்பு விளையும் வெயில் மாதங்களில் ஒருவருடைய கால் முறிந்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு வருவாயே முறிந்துபோகக்கூடும். ஆகவே, எலும்பு ஒட்டு என்பது என்ன, அதற்குப் பயன்படும் இயற்கைப் பொருள்கள் எவை, அவற்றால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எலும்பு எதனால் ஆனது?

எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருள் அன்று. அதற்குள் குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு வகை உயிரணு பழைய எலும்பைக் கரைக்கிறது. மற்றொரு வகை அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அக்கனிமம் ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரத இழை. சிமெண்டும் கம்பியும் சேர்ந்து ஒரு தூணைத் தாங்குவதுபோல, கனிமம் எலும்புக்குக் கடினத்தையும் கொலாஜன் நெகிழ்வையும் தருகின்றன.

இந்தக் கொலாஜனின் அமைப்பை உலகிற்கு விளக்கியதில் தமிழகத்திற்குப் பெரும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தனர். மூன்று புரிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றதே கொலாஜன் என்று 1954ஆம் ஆண்டில் அவர்கள் முன்மொழிந்தனர். அடுத்த ஆண்டே அக்கருத்தை மேலும் செப்பம் செய்தனர். எலும்பு மாற்றுப் பொருள்களில் கொலாஜன் சேர்த்துச் செய்யப்படுபவற்றுக்கு இந்த அறிவு அடிப்படையாய் அமைந்தது.

ஒட்டு எப்போது தேவை?

பெரும்பாலான எலும்பு முறிவுகளுக்கு ஒட்டே தேவையில்லை. முறிந்த முனைகளை நேராக்கி அசையாமல் வைத்தால் எலும்பு தானே கூடிவிடும். தோலில் காயம் ஏற்பட்டால் பெரும்பாலும் தழும்பு எஞ்சுகிறது. எலும்போ தழும்பின்றி மீண்டும் எலும்பாகவே வளரும் ஆற்றல் உடையது. ஆனால் இந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. சாலை விபத்தில் எலும்பின் ஒரு பகுதி சிதறி வெளியே போய்விட்டாலும், சீழ் பிடித்துச் செத்த எலும்பை அகற்றிய இடத்தில் குழி விழுந்தாலும், நீர்க்கட்டியைச் சுரண்டி எடுத்தபின் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டாலும், பல மாதங்கள் கடந்தும் முறிவு கூடாமல் நின்றாலும், முழங்கால் மூட்டின் மேற்பரப்பு நசுங்கி உள்ளே இறங்கிவிட்டாலும் அந்த இடைவெளியை எலும்பு தானே நிரப்பிக்கொள்ள இயலாமல் போகலாம். முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவையிலும், பல் இழந்த தாடையைச் செப்பனிடும்போதும் இதே தேவை எழுகிறது. அப்போதுதான் ஒட்டைப் பற்றி எண்ணுகிறோம்.

'ஒட்டு' என்ற சொல் ஒட்டு மாங்கன்றை நினைவூட்டும். ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒட்டு மாங்கன்றில் நாம் பொருத்திய கிளையே தழைத்து மரமாகிறது. எலும்பு மாற்றுப் பொருள் அவ்வாறு தழைப்பதில்லை. அதைச் சூழ்ந்துள்ள நோயாளரின் சொந்த எலும்பே அதன் துளைகளுக்குள் புகுந்து வளர்கிறது. வைத்த பொருள் சிறிது சிறிதாகக் கரைந்து இடம் விடுகிறது, அல்லது புது எலும்பால் சூழப்பட்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. இதை மனத்தில் கொண்டால் பின்வரும் செய்திகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

எலும்பு வளரத் தேவையான மூன்று

புது எலும்பு தோன்ற மூன்று தேவைகள் உள்ளன. முதலாவது, உயிரணுக்களும் குருதிக் குழாய்களும் பற்றிப் படர ஒரு சாரம். வீடு கட்டும்போது கொத்தனார் நின்று வேலை செய்யச் சாரம் கட்டுவதில்லையா, அதைப் போன்றது. இரண்டாவது, "இங்கே எலும்பு கட்டுக" என்று உயிரணுக்களை அழைக்கும் புரதக் குறிப்புகள். கனிமம் நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தால் தசைக்குள்ளேயே எலும்பு தோன்றுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். எலும்புக்குள் அத்தகைய அழைப்புப் புரதம் உண்டென்று அதனால் தெளிவாயிற்று. மூன்றாவது, எலும்பைக் கட்டும் உயிரணுக்கள்.

இம்மூன்றோடு நல்ல குருதி ஓட்டமும் அசைவற்ற நிலையும் வேண்டும். மாற்றுப் பொருள்களில் பெரும்பாலானவை முதல் தேவையை மட்டுமே, அதாவது சாரத்தை மட்டுமே, தருகின்றன. உப்பளத்தில் மனிதர் பாத்தி கட்டுகிறார், வரப்பிடுகிறார், நீர் பாய்ச்சுகிறார். உப்பை விளைவிப்பவை கடல்நீரும் வெயிலும் காற்றும். அதுபோல நாங்களும் பாத்தியை மட்டுமே கட்டுகிறோம். எலும்பை விளைவிப்பது நோயாளரின் உடல்.

நோயாளரின் சொந்த எலும்பு

மேற்கூறிய மூன்றையும் ஒருங்கே தருவது நோயாளரின் சொந்த எலும்புதான். பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுக்கிறோம். அதில் சாரம் உண்டு, அழைப்புப் புரதம் உண்டு, உயிரணுக்களும் உண்டு. பிறர் பொருள் அன்று என்பதால் உடல் மறுப்பதில்லை. பிறரிடமிருந்து நோய் தொற்றும் அச்சமும் இல்லை. இன்றளவும் மற்ற எல்லாப் பொருள்களையும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர்.

இதற்குக் குறைகளும் உள்ளன. இரண்டாவது ஒரு காயம் ஏற்படுகிறது. எடுத்த இடத்தில் சில நாள்களோ சில வாரங்களோ வலி இருக்கும். சிலருக்கு அது நீடிப்பதும் உண்டு. அருகில் தோல் மரத்துப்போகலாம். எடுக்கக்கூடிய அளவும் வரம்புக்கு உட்பட்டதே. சிறு குழந்தைகளிடமும் எலும்பு மெலிந்த முதியோரிடமும் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆனால் 'இடுப்பெலும்பை எடுத்தால் நடக்கவே முடியாது' என்னும் அச்சம் தேவையற்றது. உடலின் எடையைத் தாங்கும் பகுதியை நாங்கள் தொடுவதில்லை. விளிம்பிலிருந்து சிறிதளவே எடுக்கிறோம்.

பிறர் வழங்கிய எலும்பு

சொந்த எலும்பு போதாதபோது பிறர் வழங்கிய எலும்பைப் பயன்படுத்தலாம். இறந்தோரின் குடும்பத்தார் கொடையாக அளிக்கும் எலும்பும், இடுப்பு மூட்டு மாற்று அறுவையின்போது அகற்றப்படும் தொடையெலும்பின் தலைப்பகுதியும் எலும்பு வங்கிகளில் சேமிக்கப்படுகின்றன. கொடையாளருக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய் முதலியவை உள்ளனவா என்று ஆய்ந்த பிறகே எலும்பு ஏற்கப்படுகிறது. பின்னர் அதைக் கடுங்குளிரில் உறைய வைக்கின்றனர், அல்லது உலர்த்திக் காமா கதிர் பாய்ச்சித் தூய்மை செய்கின்றனர். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988இல் தொடங்கப்பட்டது. உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது எலும்பு முதலிய திசுக்களும் அதன் வரம்புக்குள் வந்தன.

இவ்வாறு பதப்படுத்திய எலும்பில் உயிரணுக்கள் இல்லை. ஆகவே அது சாரமாக நன்கு பயன்படும். ஆனால் சொந்த எலும்பைவிட மெதுவாகவே உடலோடு இணையும்.

விலங்குகளிடமிருந்து பெறுபவை

விலங்கெலும்பை மனிதருக்கு வைக்கும் முயற்சி மிகப் பழையது. 1668இல் வெளிவந்த டச்சு மருத்துவர் யோப் வான் மீக்கரன் என்பவரின் நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவரின் மண்டையோட்டுக் காயத்தை நாயின் மண்டையோட்டுத் துண்டால் அடைத்தனராம். திருச்சபை அதை ஏற்காமையால், அத்துண்டை எடுத்துவிடும்படி அவர் கேட்டாராம். அதற்குள் அது நன்றாகக் கூடிவிட்டதால் எடுக்க இயலவில்லையாம். உடலில் வைக்கும் பொருளை மருத்துவர் பார்வையில் மட்டும் அன்றி, நோயாளரின் நம்பிக்கையையும் வைத்து எண்ண வேண்டும் என்பதை இப்பழஞ்செய்தி காட்டுகிறது.

இன்று பயன்படுவது பெரும்பாலும் மாட்டெலும்பின் கனிமப் பகுதி. உயர்ந்த வெப்பத்தாலும் வேதிமுறைகளாலும் அதிலுள்ள புரதம், கொழுப்பு, உயிரணுக்கள் ஆகிய அனைத்தையும் நீக்கிவிடுகின்றனர். எஞ்சுவது, நுண்துளைகள் நிறைந்த வெண்ணிறக் கனிமச் சட்டகம் மட்டுமே. பல் மருத்துவத்தில், குறிப்பாகத் தாடை எலும்பைச் செப்பனிடுவதில், இதன் பயன் அதிகம். இது மிக மெதுவாகக் கரைவதால் ஆண்டுக்கணக்கில் எலும்பினுள் தங்கும். மாடு அல்லது பன்றியின் தோல், தசைநாண் ஆகியவற்றிலிருந்து பிரித்த கொலாஜனும் பஞ்சு போலவோ படலமாகவோ பயன்படுகிறது. சென்னை அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோலை ஆராயும் பணியின் தொடர்ச்சியாகவே மருத்துவத்திற்கான கொலாஜன் ஆய்விலும் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது.

மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து பெற்ற பொருளை ஏற்க விரும்பாதவர்கள் நம்மிடையே உள்ளனர். அதை அறுவைக்கு முன்பே தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். மாற்று வழிகள் உண்டு. உங்கள் விருப்பத்தை மதித்துத் திட்டமிடுவது எங்கள் கடமை.

கடலிலிருந்து: பவளம்

கடற்பவளத்தின் ஓடு, எலும்பின் உட்பகுதியைப் போலவே ஒன்றோடொன்று தொடர்புற்ற துளைகள் உடையது. புது எலும்பும் குருதிக் குழாயும் உள்ளே புக, துளைகளின் குறுக்களவு ஏறத்தாழ 100 மைக்ரானுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய இந்த அளவு என்று கொள்ளலாம். சில பவள இனங்களில் இதற்கேற்ற துளைகள் இயற்கையாகவே அமைந்துள்ளன.

ஆனால் பவள ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலும்போ கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. வெப்பமும் அழுத்தமும் கொண்ட நீரில் பாஸ்பேட் உப்போடு பவளத்தை வைத்தால், துளைகளின் வடிவம் கெடாமல் கார்பனேட் மட்டும் ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்டனர். அம்முறையில் செய்த பொருளுக்கு 1992இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இந்தியக் கடற்பவளத்திலிருந்து ஹைட்ராக்ஸிஅபடைட் உருவாக்கும் ஆய்வைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்ந்த அறிஞர்கள் 1996இல் வெளியிட்டனர்.

இங்கே ஒன்றைக் கூறவேண்டும். பவளப் பாறைகளை உருவாக்கும் பவளங்கள் யாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் மீன் குஞ்சுகளுக்கு உறைவிடமாய் இருப்பவை இப்பாறைகளே. இயற்கையில் இருக்கிறது என்பதற்காக எதையும் அள்ளிவிட இயலாது. இக்காரணத்தாலும், ஒரே தரத்தில் பொருள் வேண்டும் என்பதாலும், ஆய்வகத்தில் செய்யப்படும் ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், உயிரிக் கண்ணாடி போன்றவை இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம், ஹைட்ராக்ஸிஅபடைட்டும் உயிரிக் கண்ணாடியும் கலந்த எலும்பு நிரப்பியை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

உப்பளத்தார் அறிந்த ஒரு பொருள்: ஜிப்சம்

உப்பளத்தில் வேலை செய்வோருக்கு ஜிப்சம் புதிய பொருள் அன்று. கடல்நீர் வெயிலில் சுண்டும்போது அதிலுள்ள பொருள்கள் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சிறிதளவு கால்சியம் கார்பனேட் படிகிறது. நீர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுண்டும் கட்டத்தில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், படியத் தொடங்குகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சமையல் உப்பு விளைகிறது. அடர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஜிப்சத்தைச் சூடாக்கி, அதனுள் அடங்கிய நீரில் நான்கில் மூன்று பங்கை வெளியேற்றினால் கிடைப்பதே பாரிஸ் சாந்து. மீண்டும் நீர் சேர்த்தால் அது இறுகிவிடும். கை கால் முறிவுக்குப் போடும் மாவுக்கட்டின் மாவு இதுதான். வெளியே கட்டுவதற்குப் பயன்பட்ட இப்பொருளை எலும்புக்குள்ளும் வைக்கலாம் என்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன். காசநோயால் எலும்பில் ஏற்பட்ட குழிகளைப் பாரிஸ் சாந்தால் நிரப்பியதை 1892இல் அவர் வெளியிட்டார்.

இன்று மருத்துவத் தரத்தில் தூய்மை செய்த கால்சியம் சல்பேட்டைச் சிறு மணிகளாக வார்த்துப் பயன்படுத்துகின்றனர். அம்மணிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கலாம் என்பது இதன் சிறப்பு. சீழ் பிடித்த எலும்புக் குழியில் வைத்தால், மணிகள் கரையக் கரைய மருந்து அதே இடத்தில் கசிந்து வேலை செய்கிறது. ஊசி வழியாகவும் மாத்திரை வழியாகவும் கொடுக்கும் மருந்து, குருதி ஓட்டம் குறைந்த எலும்புக்குள் எட்டுவது கடினம். ஆகவே இம்முறை பெரிதும் உதவுகிறது.

இதன் குறை என்னவென்றால், பெரும்பாலும் 4 முதல் 12 வாரங்களுக்குள் இது கரைந்துவிடும். புது எலும்பு அவ்வளவு விரைவில் பெரிய குழியை நிரப்பாது. மேலும், மணிகள் கரையும்போது சிலருக்குக் காயத்திலிருந்து வெண்ணிற நீர் கசியலாம். அது சீழாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எனினும் அது சீழா இல்லையா என்பதை வீட்டில் முடிவு செய்யாமல், உடனே வந்து காட்டுங்கள்.

பவளத்திலிருந்து செய்த ஹைட்ராக்ஸிஅபடைட் மிக மெதுவாகக் கரைகிறது. ஜிப்சம் மிக விரைவாகக் கரைகிறது. புது எலும்பு வளரும் வேகத்திலேயே கரையும் பொருள்தான் நாங்கள் விரும்புவது. அதனால்தான் சில வேளைகளில் இரண்டு பொருள்களைக் கலந்தும், சொந்த எலும்போடு மாற்றுப் பொருளைச் சேர்த்தும் வைக்கிறோம்.

ஆய்வில் உள்ளவை

கணவாயின் உள்ளோடு நம் கடற்கரையில் ஒதுங்குவதை யாவரும் கண்டிருப்பர். சித்த மருத்துவம் அதைக் 'கடல் நுரை' என்று அழைக்கிறது. மிக மெல்லிய அடுக்குகளும் இடைவெளிகளும் கொண்ட அந்த ஓட்டையும் பவளத்தைப் போலவே ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்ற இயலும். முட்டை ஓடு, சிப்பி, மீன் செதிலிலிருந்து கிடைக்கும் கொலாஜன் ஆகியவற்றைப் பற்றியும் உலகின் பல ஆய்வகங்கள் ஆராய்கின்றன. வீணாகப் போகும் பொருளிலிருந்து குறைந்த விலையில் ஒரு சாரம் கிடைக்குமானால், அது ஏழை எளியோருக்குப் பெரும் உதவியாகும். எனினும் இவை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

ஆகவே ஒரு வேண்டுகோள். சிப்பியையோ கணவாய் ஓட்டையோ முட்டை ஓட்டையோ அரைத்துக் காயத்தின்மேல் பூசாதீர்கள். ஆய்வகத்தில் அப்பொருளின் வேதித்தன்மையையே மாற்றி, நுண்ணுயிர் அறவே இல்லாதபடி செய்கின்றனர். வீட்டில் அரைத்த தூளில் நுண்ணுயிர்கள் இருக்கும். தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவில் அவை உட்புகுந்தால் எலும்பிலேயே சீழ் பிடிக்கும். அதை ஆற்ற மாதக்கணக்கில் ஆகும். தோல் கிழிந்த முறிவில் தூய துணியால் மூடி, கட்டை வைத்து அசையாமல் கட்டி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வருவதே முறை.

இயற்கை என்பதால் மட்டும் பாதுகாப்பு ஆகாது

இயற்கைப் பொருளோ செயற்கைப் பொருளோ, பாதுகாப்பைத் தீர்மானிப்பவை அதைத் தூய்மை செய்த முறையும் சோதித்த முறையும்தாம். நம் நாட்டில் இத்தகைய பொருள்கள் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை. பொருளின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஒட்டுச்சீட்டு நோயாளரின் பதிவேட்டில் ஒட்டப்படும். அதன் படியைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

இன்னொன்றையும் நினைவில் கொள்க. மாற்றுப் பொருள்களில் பெரும்பாலானவை எடையைத் தாங்கும் வலிமை உடையவை அல்ல. எலும்பு கூடும்வரை எடையைத் தாங்குபவை உள்ளே வைத்த கம்பி, தகடு, திருகு ஆகியவை. 'எலும்பு வைத்தாகிவிட்டது, இனி ஊன்றலாம்' என்று எண்ணி முன்னதாகவே ஊன்றினால், தகடு முறியும், ஒட்டு சிதையும், மீண்டும் அறுவை தேவைப்படும். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு சாதாரணமாக முறிந்தாலே கூடுவதற்கு 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். ஒட்டு வைக்கும் அளவுக்கு இழப்பு இருந்தால் அதற்கும் மேலாகும். உப்புப் பருவம் நழுவுகிறதே என்ற தவிப்பை நாங்கள் அறிவோம். ஆனால் ஒரு பருவத்தைக் காக்க விரைந்து ஊன்றியவர் அடுத்த பருவத்தையும் இழக்க நேரிடலாம்.

நோயாளரும் குடும்பத்தாரும் செய்யவேண்டியவை

புது எலும்பைக் கட்டுவது உங்கள் உடல் என்பதால், அந்த உடலைப் பேணுவதே ஒட்டின் வெற்றிக்கு முதல் வழி.

1. பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை அறவே விடுங்கள். நிகோட்டின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. குருதி சேராத சாரத்தில் எலும்பு வளராது.

2. நீரிழிவு இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். கட்டுப்படாத நீரிழிவு எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தடுக்கும்.

3. மீன், முட்டை, பருப்பு, பால், கீரை, கேழ்வரகு ஆகியவற்றை உணவில் சேருங்கள். கொலாஜன் கட்டப் புரதம் வேண்டும். கனிமம் படியக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும்.

4. காயம் முழுதும் ஆறி, நாங்கள் ஒப்புதல் தரும்வரை உப்பளத்தில் இறங்காதீர்கள். உப்புநீர் புண்ணை ஆற்றும் என்று எண்ணிக் காயத்தை அதில் நனைக்கக் கூடாது. பாத்தி நீரில் மண்ணும் அழுக்கும் கலந்திருக்கும். உப்புப் படிகங்கள் தோலைக் கீறும். தோலுக்கு வெளியே கம்பி பொருத்தியவர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

5. காய்ச்சல், வீக்கம், சிவப்பு, கசிவு, குறையாமல் கூடும் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் குறித்த நாளுக்குக் காத்திராமல் வாருங்கள்.

6. வலி நின்றுவிட்டது என்பதற்காக ஊடுகதிர்ப் படப் பரிசோதனைக்கு வராமல் இருக்காதீர்கள். உள்ளே எலும்பு வளர்கிறதா என்பதைப் படமே காட்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன்

அறுவைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். எனக்கு ஒட்டு ஏன் தேவை? என் சொந்த எலும்பா, மாற்றுப் பொருளா, இரண்டுமா? மாற்றுப் பொருள் என்றால் அது எதிலிருந்து செய்யப்பட்டது? அது கரைந்துவிடுமா, உள்ளேயே தங்குமா? அதன் விலை என்ன? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா? எப்போது ஊன்றலாம்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? ஒட்டு கூடாமல் போனால் அடுத்து என்ன?

விலை உயர்ந்த பொருளே சிறந்தது என்று கருத வேண்டாம். சிறிய குழிக்கு எந்தப் பொருளும் தேவைப்படாமல் போகலாம். சில இடங்களில் செலவில்லாமல் கிடைக்கும் உங்கள் இடுப்பெலும்பே மிகச் சிறந்த ஒட்டாக அமையலாம். சில இடங்களில் மாற்றுப் பொருள், இரண்டாவது காயத்திலிருந்து உங்களைக் காக்கலாம். குழியின் அளவு, அதைச் சூழ்ந்த தசையின் நிலை, சீழ் உள்ளதா இல்லையா, உங்கள் வயது, தொழில், நம்பிக்கை, பொருள்நிலை ஆகிய அனைத்தையும் சேர்த்து எண்ணியே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நாங்கள் மட்டும் எடுப்பது முறையன்று. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் எங்களோடு சேர்ந்து எடுக்கவேண்டும். மேற்கண்ட வினாக்களைத் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிற்கும் உங்களுக்கு விளங்கும் சொற்களில் விடை கிடைத்த பிறகு கையொப்பமிடுங்கள்.